அட்டைப்பெட்டி ஒயினும் நான்கு விரல்களும்

சுவை வாரியம் யாரையும் காரணமில்லாமல் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு வாரியத்தைப் பற்றித் தப்பாக நினைக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான். அடிப்பதற்கு முன்னால் காரணத்தை மூன்று பிரதிகள் எழுதுவார்கள். ஒன்று அடி வாங்குகிறவருக்கு, ஒன்று கோப்புக்கு. மூன்றாவது யாருக்கு என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, ஆனாலும் எழுதுவார்கள்.

வாரியத்தின் வேலை எளியது. யார் எதைக் குடித்து எவ்வளவு சந்தோஷப்படலாம் என்று நிர்ணயிப்பது. குடிக்கத் தடை கிடையாது. வாரியம் அவ்வளவு கொடுமையானதல்ல. சந்தோஷத்துக்கு மட்டும் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் குழாய் வைத்து விற்கிற ஒயினைக் குடித்தவர் 'பரவாயில்லை' என்று சொல்லலாம். கார்க் அடைத்த பாட்டில் என்றால் 'நன்று'. மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே படுத்துக்கொண்டு வருகிற பாட்டிலுக்கு 'பிரமாதம்'. 'ஆகா' என்பது வாரியத் தலைவருக்கும் அவர் கைகாட்டுகிறவர்களுக்கும் மட்டும். இந்த அட்டவணையை எல்லா மதுக்கடைகளிலும் கல்லாவுக்குப் பின்னால், கல்லாவில் இருப்பவரின் தலை மறைக்கிற இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

லிப்ட் மெக்கானிக் அதைப் படித்ததில்லை. வாரத்தில் ஆறு நாள் அவனுக்கு லிப்டுக் குழியில் வேலை. மேலே இரும்புக் கயிறு, கீழே எட்டு மாடி இருட்டு, உடம்பெல்லாம் கிரீஸ். ஏழாவது நாள் மதியம் குளித்துவிட்டு வீட்டுப் பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவான். அவன் மனைவி பல் செட் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி, பக்கத்துப் பல்லோடு சண்டை போடாமல் உட்கார வைப்பாள். அவள் செய்த பல்லை அது முளைத்த வாயின் சொந்தக்காரராலேயே கண்டுபிடிக்க முடியாது என்று பட்டறை முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சம்பளத்தை மட்டும் கூட்ட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒயின் கலப்பது அவள்தான். கடையில் இருப்பதிலேயே மலிவான பெட்டி. தனியாகக் குடித்தால் பல் கூசும். அதில் எலுமிச்சைச் சாறு, அவளே காய்ச்சிய இஞ்சிப் பாகு, நசுக்கிய மிளகு, மேலே ஐஸ். அளவெல்லாம் கண் அளவுதான். கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பாள், இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு குடிப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மீதி ஆறு நாளும் அவர்கள் எழுந்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலவை வழக்கத்தைவிட நன்றாக அமைந்துவிட்டது. ஒரு வாய் குடித்ததும் மெக்கானிக் கண்ணை மூடி, "ஆகா" என்றான்.

கீழ்வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் 'நன்று' சொல்வதற்கான உரிமம் இருந்தது. கடை வருமானத்தில் பாதியைக் கொட்டி ஞாயிறுதோறும் ஒரு கார்க் பாட்டில் வாங்குவார், மருந்து குடிப்பதைப் போலக் குடிப்பார், 'நன்று' என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். பத்து வருஷமாக இது நடக்கிறது. மேலேயிருந்து ஓசியில் ஓர் ஆகா வந்து அவர் தலையில் விழுந்ததும் மனிதருக்குத் தாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை நான்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் படிவத்தில் 'கதவு உடைக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்ததால் உடைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள்.

"நேத்து மதியம் குடிச்சிட்டு என்ன சொன்னே?" என்று மூத்த ஆய்வாளர் கேட்டார்.

"ஞாபகம் இல்லீங்க. ஆகான்னு சொல்லியிருப்பேன்."

"ஒத்துக்கிட்டான், எழுதிக்கோ."

"அது வார்த்தையே இல்லீங்களே. மூச்சு விட்டேன், கூடவே சத்தம் வந்துடுச்சு."

"மூச்சுக்கும் அட்டவணை இருக்கு. பதினாலாம் பக்கம்."

குடித்த ஒயின் வந்த பாத்திரத்தாலேயே அடிக்க வேண்டும் என்பது விதி. ஆய்வாளர்கள் அட்டைப்பெட்டியை எடுத்து அவன் தலையில் அடித்தார்கள். அது பொத் பொத்தென்று அமுங்கியது. ஆள் மாற்றி ஆள் அடித்துப் பார்த்தார்கள். கால் மணி நேரம் கழித்து மூத்த ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான்யா எங்க பொழப்பு கஷ்டமா இருக்கு," என்றார். "பாட்டில்ல வாங்கியிருந்தா ஒரே அடி. மண்டை பொளக்கும், நாங்களும் அடுத்த வீட்டைப் பார்க்கப் போவோம். இப்போ பாரு, உனக்கும் வலிக்கல, எங்களுக்கும் கை விட்டுப்போச்சு. இல்லாதவங்களை அடிக்கறதுல இருக்கற சிரமம் மேல உக்காந்திருக்கறவங்களுக்குப் புரியறதே இல்ல."

"மன்னிச்சுக்குங்க," என்றான் மெக்கானிக். அவனுக்கு உண்மையாகவே சங்கடமாக இருந்தது.

இளைய ஆய்வாளர் ஒருவர் சமையலறையில் கண்ணாடி ஜாடியைக் கண்டுபிடித்தார். கலந்த பாத்திரமும் பாத்திரம்தானே என்று நால்வரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஜாடி அவன் நெற்றிக்கு மேலே உடைந்தது. பதினோரு தையல். அவன் விழுந்த பிறகு விலாவில் உதைத்தது வாரியக் கணக்கில் வராது, அது அவர்களுடைய சொந்த விருப்பம். பிரிட்ஜைக் குப்புறத் தள்ளினார்கள், மிச்சமிருந்த பெட்டி, பாகு பாட்டில், எலுமிச்சம்பழம், மிளகு எல்லாவற்றையும் சாட்சியாக மூட்டை கட்டினார்கள். கடைசியில், "கலந்தது யாரு?" என்று கேட்டார்கள்.

"நான்தாங்க," என்றான் அவன், தரையிலிருந்தபடியே.

"பொய் சொல்றாரு," என்றாள் மனைவி. இரண்டு ஆய்வாளர்கள் அவளைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். "இவருக்கு எலுமிச்சம்பழம் பிழியவே தெரியாது, கொட்டையோட விழும். கலந்தது நான்."

குற்றம் அதோடு அவள் பேருக்கு மாறியது.

அவளுடைய தம்பி வாரியத்தில் விலை வாசிப்பாளராக இருந்தான். உறுப்பினர்கள் எந்த ஒயினைச் சுவைப்பதற்கு முன்னாலும் அதன் விலையை உரக்கப் படிக்க வேண்டும். விலை காதில் விழாமல் உறுப்பினர் நாக்கில் ஒரு சொட்டுப் படக் கூடாது. அதுதான் அவன் உத்தியோகம். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தபோது அவன் கன்னமும் வீங்கியிருந்தது. குற்றவாளியின் உறவினர் என்பதற்காக ஆய்வாளர்கள் அறைந்ததில் மூக்குக்கண்ணாடி தெறித்து உடைந்துவிட்டதாம்.

"அக்கா, வியாழக்கெழம விசாரணை. நாலு பொருள் கலந்திருக்கே. ஒரு பொருளுக்கு ஒரு விரல், வலது கையில. நாலு விரல் உடைப்பாங்க."

"கட்டைவிரல்?"

"அதை விட்டுடுவாங்க. ஒப்புதல் பத்திரத்துல ரேகை வைக்கணும் இல்ல. மனிதாபிமான அடிப்படையில கொண்டு வந்த திருத்தம்."

"ஐஸும் போட்டாளே," என்றான் மெக்கானிக், பயந்துகொண்டே.

"அதுக்குன்னு ஒரு துணைக்குழு போன வருஷமே உக்காந்தாங்க மாமா. ஐஸ் பொருளா, இல்லையான்னு. ரெண்டு நாள் வாக்குவாதம். மூணு பேரை ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. அதுக்குள்ள ஐஸ் உருகிடுச்சு, தண்ணின்னு தீர்மானம் போட்டுட்டாங்க."

மெக்கானிக் மனைவியின் வலது கையைப் பார்த்தான். நகத்தோரம் மெழுகு ஒட்டியிருந்தது. அந்தக் கை இல்லாவிட்டால் அவளுக்கு வேலையில்லை என்பது இருக்கட்டும். அந்தக் கை இல்லாத அவளை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஒரே வழி இருக்கு மாமா," என்றான் தம்பி. "விசாரணைல அக்காவையே கலக்கச் சொல்லுவாங்க. உறுப்பினருங்க சுவைச்சுப் பார்ப்பாங்க. நல்லா இருந்தாத்தான் அனுமதியில்லாத சந்தோஷம். கேவலமா இருந்தா குற்றமே கெடையாது, திட்டி அனுப்பிடுவாங்க. பெட்டி விலையை நான் படிச்சதுமே பாதி முகம் சுளிச்சிடும். மீதியை அக்கா பார்த்துக்கணும். நாலு பொருளையும் உங்க வீட்டுலேர்ந்தே கொண்டு வரலாம்னு விதி இருக்கு."

"என் கையால கெட்டதா ஒண்ணு வரணுமா?" என்றாள் அவள்.

"கை இருக்கணும்னா வரணும்," என்றான் மெக்கானிக். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவளிடம் அவன் அதட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் அவள் பாடுபட்டாள். புதுப் பெட்டியொன்றை வாங்கி, திறந்து, வெயிலில் வைத்தாள். அழுகின எலுமிச்சம்பழங்களைத் தேடிப் பொறுக்கினாள். இஞ்சியை மண்ணோடு வேகவைத்தாள். மிளகைக் கைப்பிடி அளவுக்குப் போட்டாள். வியாழக்கிழமை காலை ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மெக்கானிக் வெளியே நின்றபடி நிம்மதியாகச் சிரித்தான்.

விசாரணைக் கூடம் பெரியது. மேடையில் ஐந்து உறுப்பினர்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பித்தளை எச்சில் பாத்திரம். வாரியத்தில் யாரும் விழுங்குவதில்லை, சுவைப்பார்கள், துப்புவார்கள். விழுங்கினால் கருத்து வயிற்றுக்குப் போய்விடும் என்பது அவர்கள் கொள்கை. ஒவ்வொரு உறுப்பினருக்குப் பின்னாலும் ஒரு காவலர் தட்டைக் குச்சியோடு நின்றார். வாசித்த விலைக்குப் பொருந்தாத முகபாவம் காட்டினால் பின்கழுத்தில் ஒன்று விழும். உறுப்பினர்கள் எல்லாருக்கும் அந்த இடம் காய்த்துப் போயிருந்தது.

மேடைக்கு ஓரத்தில் திருத்துநர் நின்றார். ஒல்லியான ஆள். இடுப்பில் ஒரு சின்னச் சுத்தியல். தீர்ப்பை நிறைவேற்றுவது அவர் பொறுப்பு. சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார் என்று வாரியத்தில் அவருக்கு நல்ல பேர்.

தலைவர் எழுந்து பேசினார்.

"இந்த அம்மா மேல எங்களுக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. நான் முப்பது வருஷமா ஒயின் சுவைக்கிறேன். ஒரு நாள் கூட எனக்கு அது புடிச்சதில்லை. புடிக்காததை முப்பது வருஷம் புடிச்ச மாதிரி காட்டறதுக்கு எவ்வளவு பயிற்சி வேணும், எவ்வளவு கழுத்து வலி தாங்கணும். அப்படியிருக்க, ஒருத்தர் பால்கனில காலை நீட்டிக்கிட்டு, ஒரு பயிற்சியும் இல்லாம, புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போனா அப்புறம் நாங்க எதுக்கு? அவரை அடிக்கலேன்னா நாங்க பட்ட அடிக்கு என்ன அர்த்தம்?"

கூடம் கைதட்டியது. தட்டாத இரண்டு பேரைக் காவலர்கள் வெளியே இழுத்துப் போனார்கள்.

மனைவி ஜாடியில் நான்கையும் ஊற்றிக் கலக்கினாள். முதல் வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஐந்து தம்ளர்கள் மேடைக்குப் போயின. தலைவர் தலையசைத்தார். தம்பி விலை வாசிக்க எழுந்தான்.

மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவனுக்குக் காகிதம் பனி மூடிய மாதிரி தெரிந்தது. கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த எண்களில் எது பெரிதாகக் கண்ணில் பட்டதோ அதைப் படித்தான்.

"நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூத்தி இருபத்தேழு."

உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஐந்து பேரும் தம்ளரை எடுத்து, முகர்ந்து, ஒரு வாய் வைத்தார்கள்.

கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் ஒரு முகமும் சுளிக்கவில்லை. அதுதான் பயிற்சி.

"பிரமாதம்," என்றார் பெரிய மூக்கு உறுப்பினர், குரல் கம்மி. "பழமையான ஒரு நிலவறை. அதுல யாரோ அழறாங்க."

"மண்," என்றார் பட்டுக் கைக்குட்டை உறுப்பினர். "நான் இதுல மண்ணையே சுவைக்கிறேன். நெஜமான மண்ணு." இது ஒன்றுதான் அன்று மேடையில் சொல்லப்பட்ட உண்மை.

மற்ற இரண்டு பேரும் பிரமாதம் என்றார்கள். தலைவர் துப்பக்கூட இல்லை. விழுங்கினார். கண்ணை மூடினார். "ஆகா," என்றார்.

மனைவி மெக்கானிக் பக்கம் திரும்பி, என்ன நடக்கிறது என்று கண்ணால் கேட்டாள். அதற்குள் தீர்ப்பை எழுதி, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சந்தோஷம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணம். வலது கை, நான்கு விரல்கள்.

"ஐயா, ஐயா," என்று மெக்கானிக் மேடையை நோக்கி ஓடினான். "அது விலை இல்லீங்க. எங்க கோப்பு நம்பர். பெட்டி வெறும் நூத்தி இருபதுதாங்க."

தலைவர் கோப்புத் தாளை வாங்கிப் பார்த்தார். பெரிய மூக்கு எட்டிப் பார்த்தார். பிறகு ஐந்து பேரும் மெல்லத் திருத்துநரைப் பார்த்தார்கள். நூற்று இருபது விலைக்குப் பிரமாதம் என்று சொன்னால் முன்பல் இரண்டு போகும். தலைவரே ஆகா என்றாலும் அதேதான். அவர்களே எழுதிய விதி.

"முதல்ல சொன்னது இவருதான்," என்று பட்டுக் கைக்குட்டை பெரிய மூக்கைக் காட்டினார். பெரிய மூக்கு எச்சில் பாத்திரத்தைத் தூக்கி அவர் காதோடு ஒன்று வைத்தார். அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று வரிசைப்படி சொல்ல என்னால் முடியாது. காட்சிக்கு வைத்திருந்த மரப்பெட்டி ஒயின்கள் ஒவ்வொன்றாக மண்டைகளில் உடைந்தன. மூத்த ஆய்வாளர் சொன்னது சரிதான், பாட்டில் என்றால் ஒரே அடிதான். இரண்டு உறுப்பினர்கள் தம்பியைப் பிடித்துக் கோப்புத் தாள்களை வாயில் திணித்துத் தாடையை மூடி மிதித்தார்கள். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. காவலர்கள் எந்த முகபாவத்துக்கு அடிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் அடித்தார்கள்.

திருத்துநர் மட்டும் அவசரப்படவில்லை. பதவி மூப்பு வரிசையில், ஒவ்வொருவராக மல்லாத்தி, மார்பில் முழங்காலை வைத்து, இரண்டு தட்டுத் தட்டினார். தலைவர் மேசைக்கடியில் இருந்தார்.

"நான் ஆகா சொல்லலப்பா," என்றார் தலைவர். "பல் வலி. அதுல வந்த சத்தம்."

"எந்தப் பல்லுங்க ஐயா?"

"முன்பல்."

"அப்போ ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுதுங்க," என்று திருத்துநர் மரியாதையாகச் சொல்லி, சுத்தியலை ஓங்கினார்.

மேடை அடங்கியதும் அவர் சுத்தியலைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"தீர்ப்புத் தப்புன்னு ஆயிடுச்சே," என்றான் மெக்கானிக். "இன்னும் எதுக்குங்க?"

"கையெழுத்துப் போட்டாச்சு. ரத்து பண்றேன்னு அவங்க வாயால சொல்லணும். பாருங்க, யாருக்கும் வாய் வரல."

மனைவிக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஏதோ அவள் முகத்தில் ஏறியது.

"இந்தக் கழுநீருக்கா என் விரலை உடைப்பீங்க?" என்றாள். "உடைக்கறதுதான்னா நான் ஒழுங்கா கலந்ததுக்கு உடைங்க. அந்தா, உங்க ஆளுங்க எங்க வீட்டுலேர்ந்து சாட்சிக்கு எடுத்துட்டு வந்த நல்ல சாமானெல்லாம் மேசையில இருக்கு."

திருத்துநர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தடுக்கிற விதி எதுவும் இல்லை. அவள் சாட்சி மேசைக்குப் போய், ஜாடியைக் கழுவி ஒயினை ஊற்றினாள், நல்ல பழத்தைப் பிழிந்தாள், பாகை ஊற்றினாள், மிளகை நசுக்கினாள். திருத்துநர் அதுவரை ஒயின் குடித்ததில்லை. திருத்துநர்களுக்கு நாக்கு உரிமம் தருவதில்லை. விலை படிக்க ஆளில்லை. தம்பி தாடை உடைந்து கிடந்தான். அவர் தம்ளரை வாங்கி, தண்ணீர் குடிப்பதுபோல மடக்கென்று குடித்தார்.

பிறகு உட்கார்ந்தார். கூடத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஜாடியை இழுத்து வைத்துக்கொண்டு முழுவதையும் குடித்தார். ரொம்ப நேரம் தம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மனைவியின் தோளைப் பிடித்தான். மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்தான், பாவம்.

திருத்துநர் அவள் கையை மேசையில் வைத்தார். "எலுமிச்சம்பழம் பிழிய எந்த விரல் வேண்டாம்?" என்று கேட்டார்.

"சுண்டு விரல்," என்றாள் அவள்.

அதை மட்டும் உடைத்தார். சுத்தமான வேலை, ஒரே தட்டு. பதிவேட்டில் 'மீதி மூன்று, ஒத்திவைப்பு' என்று எழுதினார். "ஞாயித்துக்கெழம மதியம் வீட்டுக்கு வரேன்," என்றார்.

வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பால்கனியில் மெக்கானிக்கின் நாற்காலியில் உட்கார்ந்து, சுத்தியலைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஜாடியைக் காலி செய்துவிட்டுப் போவார். குடிப்பதையும் வேலையாகவே செய்தார், நடுவில் பேச மாட்டார். கணவனும் மனைவியும் கதவோரம் நின்றார்கள். அவர்கள் குடிப்பதை விட்டுவிட்டார்கள். முன்பு கெட்டுப்போக வேண்டுமே என்று பயந்தவர்கள் இப்போது கெட்டுவிடக் கூடாதே என்று பயந்தார்கள். சனிக்கிழமை இரவெல்லாம் மெக்கானிக் எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பான். அந்த ஜாடி நன்றாக இருக்கிற வரைக்கும் அவளுக்கு மூன்று விரல் மிச்சம். இதற்கு நடுவில் வாரியத்திலிருந்து பட்டறைக்குப் பத்து முன்பல் செய்யச் சொல்லி ஆர்டர் வந்தது. கட்டுப் போட்ட கையோடு அவள்தான் செய்தாள். அதையும் நன்றாகவே செய்தாள், அவளுக்கு வேறு மாதிரி வராது.

எட்டாவது ஞாயிற்றுக்கிழமை திருத்துநர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"போன வாரம் மாதிரி இல்லையே."

"அதே அளவுதாங்க," என்றாள் அவள். "உங்களுக்குப் பழகிப்போச்சு."

அவர் யோசித்தார். "அப்போ சந்தோஷம் வரல."

மெக்கானிக் முன்னால் வந்தான். "சந்தோஷம் வரலேன்னா குற்றமே இல்லீங்களே. தீர்ப்பைக் கிழிச்சுப் போட்டுடுங்க ஐயா. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"தீர்ப்பு வேற. அது முடிஞ்சுபோனது. மீதியை நிறுத்தி வச்சதுக்கு ஒரே காரணம், இது நல்லா இருந்துச்சு. இப்போ அந்தக் காரணம் இல்ல." அவர் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். "நிலுவைல வைக்கறது எனக்கும் புடிக்காத விஷயம்."

மெக்கானிக் அவர் மேல் பாய்ந்தான். திருத்துநர் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே முழங்கையால் அவன் தொண்டையில் இடித்தார். அவன் சுவரில் மோதிச் சரிந்தான். மூச்சு வரவில்லை, ஆனால் கண் நன்றாகத் தெரிந்தது. மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல். விசாரணைக் கூடத்தில் அவள் கத்தவில்லை. இந்த முறை கத்தினாள். கீழ்வீட்டுப் பால்கனியில் நாற்காலி நகரும் சத்தமும், கதவை உள்ளே தாழிடும் சத்தமும் கேட்டன.

திருத்துநர் பதிவேட்டில் கோடு போட்டு, தேதி எழுதி, அவள் கட்டைவிரலை மையில் தொட்டு ரேகை வாங்கினார். கோப்பு முடிந்தது. ஒரு வேலையை ஒழுங்காக முடித்த நிம்மதியில் தம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். முகம் மலர்ந்தது.

"இப்போ நல்லாத்தான் இருக்கு," என்றார். தம்ளரை அவளிடம் நீட்டினார். "இன்னொண்ணு."

அவள் கை மடியில் கிடந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை வந்தது. நிஜமான கவலை.

"இனிமே யாரு கலக்கறது?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார்.

மெக்கானிக் சுவரைப் பிடித்து எழுந்தான். ஜாடியை எடுத்தான். முக்கால்வாசி இருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய், பாத்திரம் கழுவும் தொட்டியில் மெதுவாகக் கவிழ்த்தான்.

அத்தனை பேரின் அலறலைக் கேட்டுப் பழகிய திருத்துநர் அலறினார். சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவனை இடித்துத் தள்ளிவிட்டு, தொட்டியின் ஓட்டையைத் தம் விரல்களால் அடைக்கப் பார்த்தார். ஒயின் விரலிடுக்கு வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.